கொழுஞ்சி என்று எழுதிய அவுரி

எங்கள் வீட்டில் ‘அவரைக் குடும்பம்’ என்றால் அம்மாவின் குடும்பம் என்று பொருள். அப்பா வைத்த பெயர் அது. மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் கடலுக்குப் போய் வந்து, வலையில் கிடக்கிற மீன்களை ஒரே பார்வையில் இனம் இனமாகப் பிரித்துப் போடுகிற மனிதர் அவர். ஆனால் ஆடு தின்கிற செடிகளை ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை குந்தியிருந்து பிரிப்பதை மட்டும் பைத்தியக்காரத்தனமாகவே பார்த்தார். அந்த ஆண்பிள்ளை என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

எண்பதுகளின் நடுப்பகுதி, போர்க் காலம். மாமா தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, நாட்டு நிலைமை என்று சொல்லி அதை மூடிவிட்டார்கள். தாய் தகப்பன் இருவரும் காலமாகிவிட்டதால் தோட்டவெளிக் கிராமத்தில் அவர்களுடைய வீடு பூட்டிக் கிடந்தது. ஆகவே ஒரு பெட்டி புத்தகங்களோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். பட்டம் வாங்க அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. மன்னார்த் தீவிலும் எதிரே உள்ள பெருநிலக் கரையிலும் ஒருவரும் விதைக்காமல் தானாக முளைக்கிற அவரைக் குடும்பத்துச் செடி, கொடி, மரம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, உலர்த்தி, பெயர் கண்டு, வகை பிரித்து ஒப்படைக்க வேண்டும். அதை முடித்தால் பட்டம். பட்டம் வந்தால் வெளிநாடொன்றில் மேற்படிப்புக்கு இடம் எடுத்துத் தருவதாக அவருடைய விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் ஓர் இளந்தாரி மன்னாரில் உயிரோடு இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவே அந்தக் காய்ந்த செடிகள்தான் நிற்கின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

குன்றிமணிக் கொடியும் நரிப்பயறும் குடை மாதிரி விரிந்து நிற்கிற உடைமரமும் ஒரே குடும்பம் என்று மாமா சொன்ன அன்று அப்பா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாமா விடவில்லை. பூவையும் இலையையும் பார்த்து ஏமாறக்கூடாது, காயைப் பார்க்கவேண்டும், இரண்டு ஓடு, நடுவில் ஒரு வரிசை விதை, அதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம் என்று விளக்கினார். அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “உடைமரமும் பயறும் சொந்தமெண்டா, நானும் கச்சேரியில இருந்து மாவட்டத்தை ஆளுற ஜீ.ஏ.யும் சொந்தக்காரர்தான், மச்சான்.”

மாமா செடி தேடப் போகும்போதெல்லாம் என்னையும் அழைத்துக்கொண்டு போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பற்றைக்குள் முள் குத்தும், மணல் சுடும், தண்ணீர் விடாய்க்கும். ஆனாலும் நான் போகாமல் இருந்ததில்லை. போகும்போது அம்மா எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, ரிப்பன் கட்டி விடுவார். பற்றைக்குள் போக எதற்கு ரிப்பன் என்று நான் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய படிப்புக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள், அதற்குத் தகுந்த மாதிரி உடுப்புப் போட்டுவிடுகிறார்கள் என்று நினைத்தேன். வகுப்பில் மற்றப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பெருமையும் அடித்தேன்.

உண்மை வேறு. தோளில் பையோடு தனியாகப் பற்றைக்குள் திரிகிற இளைஞனை றோந்து வருகிற ராணுவத்தினர் கண்டால் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதே இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பிள்ளை நடந்தால் அவன் யாரோ ஒரு பிள்ளையின் மாமா. பள்ளிமுனையில் அப்போது பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது. கடைக்குப் போகிற இளைஞர்கள் அயல் வீட்டுப் பிள்ளையையாவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். என்னைக் கொடுத்துவிடுவது பற்றி அம்மாவும் அப்பாவும் ஒருநாள் எனக்கு முன்னாலேயே சண்டை பிடித்தார்கள்.

“என்ர பிள்ளை என்ன, உன்ர தம்பிக்கு அடையாள அட்டையோ?” என்று அப்பா கேட்டார்.

 அடுத்த நாள் காலையில் அம்மா வழக்கம்போல ரிப்பன் கட்டினார், கொஞ்சம் இறுக்கமாக. அப்பாவுக்கு மாமாமேல் பொறாமை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். இன்று எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவின் இடத்தில் நின்று நினைத்துப் பார்த்தால் கோபம் வருகிறது. அப்பாவின் இடத்தில் நின்று நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. ஒரு தாயைத் தம்பிக்கும் மகளுக்கும் நடுவில் நிறுத்தி வைத்த அந்தக் காலத்தின்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைசாலி அல்லர். நான் ஏதாவது செடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தால், பூவும் காயும் இல்லாமல் கொண்டுவந்தால் அது குப்பை என்று வாங்கி எறிந்துவிடுவார். கொழுஞ்சியை மட்டும் எனக்கும் தெரியும். அதன் சின்ன இலையை இரண்டு நுனியிலும் பிடித்து இழுத்தால் நேராக அறாது, அம்பின் முனைபோலக் கூராக அறும். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் நான் அதை அறுத்துக்கொண்டே வருவேன். விடத்தல்தீவுக்கு ஒருநாள் பஸ்ஸில் போய், அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த விடத்தல் மரத்தின் கொப்பையும் முறித்துக்கொண்டு வந்தோம். பாதி மஞ்சளும் பாதி ஊதாவுமாகத் தொங்குகிற அந்தப் பூவுக்காக மாமா முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டார். வரும் வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தவன் அந்தக் கொப்பைப் பார்த்தான், என் ரிப்பனைப் பார்த்தான், ஏறச் சொன்னான்.

ஒருநாள் பின்னேரம் பாலத்துக்குப் போகிற பெருவீதியால் நடந்து வந்துகொண்டிருந்தோம். வீதியோரத்தில் மாமா ஒரு பற்றையைக் கண்டு நின்றார். நுனியெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. அவர் குனிந்து காய் தேடிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ராணுவ ட்றக் வருகிற சத்தம் கேட்டது. காயைத் தேட நேரமில்லை. கைக்கு அகப்பட்ட கொப்பை முறித்துப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, மாதா பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். நான் பாடினேன். ட்றக் எங்களைக் கடந்து போனது. பின்னால் இருந்த ஒருவன் எனக்குக் கை காட்ட நானும் காட்டினேன். அன்று மாமாவின் கை முழுக்க வியர்வை. வீட்டுக்கு வந்து அந்தக் கொப்பைப் பரப்பி, துண்டுக் காகிதத்தில் கொழுஞ்சி என்று எழுதிப் பக்கத்தில் வைத்தார். காய் இல்லாத ஒன்றுக்கு அவர் பெயர் எழுதியதை அன்றுதான் பார்த்தேன்.

செடிகளை உலர்த்துவது தனி வேலை. ஒவ்வொன்றையும் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே விரித்து, எல்லாவற்றையும் அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றால் இறுக்கி, அதன்மேல் அப்பாவின் வலைக் கற்களைப் பாரம் ஏற்றுவார். தாள் ஈரத்தை உறிஞ்சும். அதை மாற்றி வேறு தாள் வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் வேலியில் உடுப்புக் காய்ந்ததைவிடப் பத்திரிகை காய்ந்ததுதான் அதிகம். மாமா கொண்டுவந்த தாள்கள் கிழிந்து முடிந்தபோது, கருவாடு சுற்றவென்று அப்பா வாங்கி வைத்திருந்த கட்டு ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கருவாடு வாங்க வருகிற வியாபாரி கொண்டுவந்து கொடுத்தவை. மாமா கேட்கத் தயங்குவதைப் பார்த்துவிட்டு அப்பாவே அதை விறாந்தையில் கொண்டுவந்து போட்டார்.

“இந்தாரும் மச்சான், உம்மட சொந்தக்காரருக்குப் பாய்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன்பிறகு எங்கோ ஒரு வீதியில் கண்ணிவெடி வெடித்தது. அடுத்து எங்கள் பக்கம் ராணுவத்தின் சுற்றிவளைப்பு வரும் என்ற கதை கோயில் வளவிலிருந்து வீடு வீடாக வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் எரிக்கத் தொடங்கினார்கள். ராணுவத்தோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் படம் உள்ளது, இயக்கத்தின் பெயர் உள்ளது, செத்துப்போன பையன்களின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி, எது கண்ணில் பட்டாலும் அது அடுப்புக்குள். அம்மா மற்றவர்களைவிட ஒருபடி மேலே போனார். குசினித் தட்டில் விரித்திருந்த பத்திரிகையை இழுத்தார். ரங்குப்பெட்டிக்குள் ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். என்னுடைய பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குப் போட்டிருந்த உறைகளைக்கூட உரித்து எரித்தார். நான் அழுதேன். கடைக்காரர் கொடுத்த கலண்டரும் போனது. சுவரில் மடு மாதா மட்டும் மிஞ்சினார்.

விறாந்தை மூலையில் இருந்த மாமாவின் அடுக்கையும் அம்மா தூக்கினார். கீழே இருந்த தூசியைக் கூட்டினார். தூக்கிய மாதிரியே பத்திரமாகத் திரும்ப வைத்தார். அவ்வளவுதான். மாமாவும் பக்கத்தில் நின்றார், அப்பாவும் நின்றார். மூன்று பேருக்கும் புத்தி இருந்தது, பயம் இருந்தது, கண்ணும் இருந்தது. ஆனால் அந்த அடுக்கில் இருந்தவை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பத்திரிகைகள் அல்ல. அவை செடிகள். மாமாவின் பட்டம். அதை யாராவது எரிப்பார்களா?

காலையில் வந்தார்கள். ஆண்களையெல்லாம் வளவுகளில் இருத்திவிட்டு வீடு வீடாகத் தேடினார்கள். அப்பாவைக் கிணற்றடியில் முழங்காலில் இருத்தினார்கள். மாமா தன்னுடைய பல்கலைக்கழக அட்டையை நீட்டினார். அம்மா என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட, நான் போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ரிப்பன் கட்ட நேரம் இருக்கவில்லை.

அவர்களோடு ஓர் அதிகாரி இருந்தார். இளம் வயது, மூக்குக்கண்ணாடி. மூலையில் இருந்த அடுக்கைக் காட்டி அது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமா சொன்னார். அதிகாரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தானும் ராணுவத்தில் சேருவதற்கு முன்னால் இரண்டு வருடம் தாவரவியல் படித்தவன் என்று அவர் சொன்னதாக மாமா அம்மாவிடம் திரும்பித் தமிழில் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோசம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதிகாரி துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மாமா கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார், அவர் வாங்கிக் குடித்தார். விடத்தல் பூவைப் பார்த்ததும் அவர் ஏதோ கேட்டார். மாமா வலது கையால் கடலின் எதிர்ப்பக்கத்தைக் காட்டி ஊரின் பெயரைச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் கிணற்றடிக்கு ஓடிப்போய் அப்பாவின் காதுக்குள் சொன்னேன்: “பயமில்லையப்பா. அந்த ஐயா மாமாவிட சிநேகிதர்.” அப்பா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போகச் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது அதிகாரியின் விரல் அந்த வீதியோரத்துக் கொப்பின்மேல் நின்றது. இது கொழுஞ்சி அல்ல என்கிறார், அவுரி என்கிறார் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு மாமா ஆங்கிலத்தில் வாதாடத் தொடங்கினார். வாதாட்டம் என்றால் சண்டை அல்ல. இரண்டு படித்தவர்கள் மகிழ்ச்சியாகப் பிடித்த வாதம். அதிகாரி பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். அவுரியின் இலையில் இருக்கிற மயிர் நடுவில் ஒட்டி இரண்டு பக்கமும் கை நீட்டியிருக்கும், அதை இலையின் அடிப்பக்கத்தில்தான் நன்றாகப் பார்க்கலாம். இதெல்லாம் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அடிப்பக்கத்தைப் பார்ப்பதென்றால் கொப்பைத் தாளிலிருந்து தூக்கவேண்டும். அவர் தூக்கினார். பார்த்தார். மாமாவிடம் கண்ணாடியைக் கொடுத்தார். மாமாவும் குனிந்து பார்த்தார்.

“ஓம் அக்கா, இது அவுரிதான். நான்தான் பிழையா எழுதிப்போட்டன்” என்று மாமா சொன்னார். பிழை பிடிபட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம். பென்சிலை எடுத்துக் கொழுஞ்சியை வெட்டிவிட்டு அவுரி என்று எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அதிகாரி செடி கிடந்த இடத்தைப் பார்த்தார். பத்திரிகையின் அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. துப்பாக்கி பிடித்த சில இளைஞர்கள், நடுவில் மாலை போட்ட ஒரு முகம். கொப்பு அடர்த்தியானது, விரித்தபோது படத்தை முழுக்க மூடியிருந்தது. அந்த முகம் யாருடையது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, இன்றுவரை தெரியாது. அதிகாரி அடுத்த தாளிலிருந்த செடியைத் தூக்கினார். அதற்கு அடுத்ததையும் தூக்கினார். பிறகு அவர் செடிகளைப் பார்க்கவில்லை.

குரலை உயர்த்தவில்லை. அடுக்கை ஒழுங்காக வைத்துக் கயிற்றைத் தானே கட்டினார். அம்மாவிடம் உடைந்த தமிழில், “சும்மா விசாரணை, அம்மா. பின்னேரம் அனுப்புறது” என்றார்.  அடுக்கை மாமாவே தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினார், வேறு யாரும் தூக்கினால் உதிர்ந்துவிடும் என்று. அம்மா படலைவரை ஓடி, ஒருவன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்ததும் நின்றார். மீதிச் செடிகளையும் அவர்களுடைய இடத்தில் வைத்து ஆறுதலாகப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். மாமாவுக்குக் கை காட்டினேன். அவரிடம் காட்டுவதற்குக் கை இருக்கவில்லை.

பின்னேரம் அனுப்பவில்லை. அடுத்த நாள் அம்மா முகாம் வாசலுக்குப் போனார். அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி என்று அம்மா சொன்னதும், அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றான் ஒருவன், அப்படி யாரும் இங்கே இருக்கவில்லை என்றான் இன்னொருவன். வேறு முகாம்கள், வேறு வாசல்கள், பங்குத்தந்தையோடு ஒருமுறை, அயல் பெண்களோடு பலமுறை. பல்கலைக்கழகம் திறந்து, மாமாவோடு படித்தவர்கள் பரீட்சை எழுதினார்கள். அப்பா அந்த நாட்களில் பேசியதெல்லாம் சேர்த்தாலும் ஒரு கைக்குள் அடங்கும். ஒருநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், ஒருவரும் கேட்காமலே சொன்னார்: “அந்தப் பேப்பர்க் கட்டை நான்தானே எடுத்துக் குடுத்தனான்.” அம்மா மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் இருக்கிறது.

எனக்கு அந்த அதிகாரியின்மேல் உள்ள கசப்பு இன்னும் தீரவில்லை. செடி தெரியாத ஒருவன் வந்திருந்தால் அடுக்கைக் காலால் தட்டிவிட்டுப் போயிருப்பான். அவ்வளவு பெரிய படையில், அது என்ன வேலை, அதைச் செய்கிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விளங்கியும் கொண்டார். பிழையையும் திருத்திக் கொடுத்தார். அதன்பிறகுதான் கொண்டுபோனார்.

ஆனால் இது இப்போதைய கசப்பு. அப்போது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மாமாவோடு சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தானே. அங்கே மற்றவர்களெல்லாம் மாமாவை மறித்து வைத்திருக்கிறார்கள், அந்த ஐயா மட்டும் எப்படியாவது அனுப்பிவைக்கப் பார்க்கிறார் என்று ஒரு கதையை எனக்குள் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் மாலைச் செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது வழக்கம், மற்றவர்கள் ஆமென் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது சொன்னேன்: “மாமாவோட பூப் பார்த்த அந்த ஐயாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, மாதாவே. அவர் கன காலம் சுகமா இருக்கோணும்.”

அப்பா எழுந்து வளவுக்குப் போய்விட்டார். அம்மா எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செபமாலையை விரல் வெளிறும்படி பிடித்துக்கொண்டு, ஆமென் என்றார். அடுத்த மாலையும் நான் அதையே சொன்னேன், அப்பா எழுந்து போனார், அம்மா ஆமென் என்றார். மாதக் கணக்காக இப்படியே நடந்தது. நான் சொல்ல மறந்த ஒரு நாள் அம்மாவே என் முழங்காலைத் தட்டி ஞாபகப்படுத்தினார். நல்ல மன்றாட்டு என்பதால்தான் அம்மா ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

மாமா எங்கே என்று இந்த உலகத்தில் தெரிந்தவர் அந்த ஒருவர்தான். அவர் செத்துப்போனால் அந்தப் பதிலும் அவரோடு போய்விடும். தன் தம்பியைக் கொண்டுபோனவனின் ஆயுளுக்காக அம்மா ஒவ்வொரு மாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.